கெமா அண்ணே மெதுவாகத்தான் வருவார்

கூட்டரசு நெடுஞ்சாலை போட்ட நாளிலிருந்து இன்றுவரை அதில் அதிகத் திட்டு வாங்கிய மனிதர், கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் வசிக்கும் கெமா அண்ணேதான். கல்யாண வீடோ சாவு வீடோ, கெமா என்று நாங்கள் சொல்லும் கூடாரத்தையும், நாற்காலிகளையும் வாடகைக்கு விடுகிறவர். பழைய பிக்கப்பின் பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு அவர் இடது ஓரமாக ஊர்ந்தால், சிமெண்டு லோரிகூட ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போகும்.

அவர் பாரம் ஏற்றுவதே ஒரு திருவிழா. கனமான இரும்புக் கால்கள் முன்னால், நாற்காலிகள் பின்னால். "பின்னால கனம் ஏறுனா ட்ரெய்லரு வாலை ஆட்டும் தம்பி. அது ஆடுனா நம்ம வண்டியும் ஆடும். அப்புறம் ரோட்டுல போறவன் எல்லாம் ஆடணும்" என்பார். இந்தக் கொள்கையை மனிதர்களிடமும் காட்டினார். பத்துமலைக்கு வேன் பிடித்துப் போனபோது, கடைசி சீட்டில் சௌகரியமாகச் சாய்ந்திருந்த என் பெரியப்பாவை எழுப்பி, அவர் உடம்பைக் கண்ணால் எடை போட்டு, டிரைவர் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பெரியப்பா அதற்கப்புறம் அவரோடு பேசுவதில்லை.

ஏற்றி முடித்ததும் கொக்கியை மாட்டுவார். இரண்டு சங்கிலிகளையும் குறுக்காகப் போடுவார். விளக்கு, டயர், கயிறு என்று சுற்றிச் சுற்றி வருவார். கிளம்பின பிறகும் நிம்மதி கிடையாது. முதல் பெட்ரோல் ஸ்டேஷனில் இறங்கி, "பாரம் குலுங்கி உட்கார்ந்திருக்கும்லா" என்று கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுவார். ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸ் நிச்சயதார்த்த வீட்டிலிருந்து பெண்ணின் அப்பா போனில் அலறினார்.

"பாஸ், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெயில்ல நிக்கிறாங்க."

"நிக்கட்டும் பாஸ். நான் வழியில கவுந்து கிடந்தா சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்."

அவரை அவசரப்படுத்தாத ஒரே ஆள் அவர் மனைவி மல்லிகா அக்கா. ட்ரெய்லர் போகும் இடமெல்லாம் அக்காவும் போவார். முன் சீட்டில் கச்சான் கடலை கொறித்தபடி, "இவரு சங்கிலியைக் கொஞ்சி முடிக்கட்டும், அப்புறம் போலாம்" என்று சிரிப்பார்.

சென்ற வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா, ஒரு காலையில் அங்கேயே இறந்துபோனார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, வாசலில் கெமாவைப் போட்ட பிறகுதான் உடலை வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். வேறு ஆளிடம் சொல்லிவிடலாம் என்றார் அக்காவின் தம்பி.

"அவளுக்கு நான்தான் போடுவேன்" என்றார் அண்ணே. துணைக்கு நான் ஏறிக்கொண்டேன்.

காப்பாரில் இருந்த அவருடைய ஸ்டோரில் பாரம் ஏற்றினோம். எல்லாவற்றையும் சரிபார்த்தார். பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தினார். அதெல்லாம் வழக்கம்தான். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் சாலையோரம் மறுபடி நிறுத்தினார். அப்புறம் இன்னொரு இடத்தில் நிறுத்தி, சங்கிலியின் அருகே குந்தியவர் எழுந்திருக்கவே இல்லை.

அக்காவின் தம்பி எனக்குப் போன் செய்தார். "எங்க இருக்கீங்க? ஆஸ்பத்திரியில வேன் ரெடியா நிக்குது. கெமா போடாம அக்காவை எப்படிக் கொண்டு வர்றது? இன்னிக்குமா இவரு இப்படி?"

எனக்கும் எரிச்சல்தான். இறங்கிப் போய், "அண்ணே, எல்லாம் சரியா இருக்குலா, போலாம்" என்றேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். கை சங்கிலியை விடவில்லை. "போனா கெமா போடணும். போட்டா அவளைக் கொண்டாந்துருவாங்க. சாயங்காலம் தூக்கிருவாங்க. நான் போய்ச் சேராத வரைக்கும் ஒண்ணும் நடக்காதுல்ல தம்பி?"

இத்தனை வருடம் நாங்கள் கேலி செய்த மனிதர், சாலையோரப் புழுதியில் அழாமல் உட்கார்ந்திருந்தார். போன் மறுபடி அடித்தது. "கயிறு அறுந்துருச்சு, மாத்திக் கட்டிட்டு இருக்கோம். இன்னும் நேரமாகும்" என்று பொய் சொல்லிவிட்டு, போனை அணைத்துப் பையில் போட்டேன். அவர் பக்கத்தில் நானும் குந்திக்கொண்டேன்.

"மெதுவாவே பாருங்கண்ணே" என்றேன்.