சிவப்புக் காரும் மாமாவின் மௌனமும்

அறிவிலும் அழகிலும் மாமனையே கொண்டு பிறந்த மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். புது வண்டியும் சுகம். எதிர்வீட்டுக்காரருக்கு மட்டும் அது வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து வயிற்றெரிச்சல் என்று கேள்வி. உன் சுகத்துக்கும், உன்னைக் கட்டிக்கொண்டவளின் பொறுமைக்கும் பதில் எழுதவும்.

அடுத்த வாரம் நீ கார் வாங்கப் போவதாகவும், விலை பேசத் தெரியாமல் முழிப்பதாகவும் உன் அம்மா சொன்னாள். வீட்டிலேயே ஒரு சிங்கத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் என்ன தேடல்? நடந்ததை ஒன்றுகூடக் கூட்டாமல் எழுதுகிறேன், படித்துப் பத்திரப்படுத்து.

லைசென்ஸ் எடுத்த நாள் முதலாக உன் அத்தைக்கு அந்தச் சிவப்புக் கார் மேல்தான் கண். தையல் மெஷினை மிதித்து மிதித்து அவளே சேர்த்த பணம். அதற்குள் அடங்கினால் கார், அடங்காவிட்டால் வெறுங்கையோடு வீடு, கடன் என்ற பேச்சே கிடையாது என்று ஒரே வைராக்கியம். ஷோரூம் வாசலில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "ஏங்க, ஃப்ரிட்ஜ் வாங்கப் போனப்ப பணத்துக்கு என்ன பஞ்சம்னு பீத்தி விலைய ஏத்தி விட்டீங்களே, அது மாதிரி இங்கயும் வாயத் திறந்தீங்க, நான் கார்ல, நீங்க பஸ்ல" என்றாள். வியாபார நுணுக்கமெல்லாம் அவளுக்கு என்ன தெரியும், விடு.

உள்ளே போனால் தரை கண்ணாடி மாதிரி. என் முகம் அதில் தெரிந்ததும் கடைக்கே ஒரு களை வந்துவிட்டது. டை கட்டிய விற்பனைக்காரத் தம்பி ஓடிவந்து மிட்டாய்த் தட்டை நீட்டினான். மரியாதைக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தோடு சரி மருமகனே, நான் பேசவே இல்லை! அதுதான் வித்தை. அவன் விலையைச் சொன்னான், நான் மௌனம். "சார், இதுவே ரொம்பக் கம்மி சார்" என்றான். முகத்தை இறுக்கி, கண் சிவக்க, ஒரே ஒரு "ம்ம்ம்ம்!" விட்டேன் பார், தம்பிக்கு ஏசியிலேயே வேர்த்துப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தான். மேனேஜர் என்றால் சாதாரண ஆளா, உட்கார்ந்தாலே ஆறடி, மந்திரிக்கே கார் விற்றவராம், அவரும் என்னைப் பார்த்து எச்சில் விழுங்குகிறார். உன் அத்தை சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அவருக்குக் கோபம் வந்தா இப்படித்தான் சார், பேச்சு நின்னுடும். அடுத்தது எழுந்து பக்கத்து ஷோரூமுக்குப் போயிடுவாரு" என்று ஏதோ நாலு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான் அவள் பங்கு. மேனேஜர் சீட் கவர் இலவசம் என்றார். நான் வாயைத் தொட்டுக் காட்டி விரலை ஆட்டினேன். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதிக் கொடு என்று அர்த்தம்! மனுஷன் புரிந்துகொண்டு தள்ளுபடியைத் தாளிலேயே எழுதிவிட்டார். அதுவும் போதாதென்று விருட்டென்று எழுந்து நடந்தேன். நாற்காலி கவிழ்ந்தது, கடை மொத்தமும் பின்னால் ஓடிவந்தது. "சார், சார், அம்மா கேட்ட விலைக்கே எடுத்துக்குங்க சார்!" அம்மா கேட்ட விலையாம்! நான் மனசில் நினைத்த விலை, அவள் வாய் வழியாக வந்தது.

ஆகவே மருமகனே, நீயும் வாயைத் திறக்காதே. முகத்தை இறுக்கு. சமயம் பார்த்து எழுந்து ஓடு. கார் உன்னைத் தேடி வரும்.

உன் வாழ்விலும் வண்டியிலும் ஒரு கீறல்கூட விழாதிருக்க வாழ்த்தும்,
மாமா

பி.கு.: உன் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டாள். உள்ளதை எழுதாவிட்டால் வண்டியில் ஏற்ற மாட்டாளாம். ஆகையால் எழுதுகிறேன்: அந்த மிட்டாய் என் பல்செட்டின் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் சேர்த்து ஒட்டிவிட்டது. "ம்ம்ம்ம்" என்றது அத்தையைக் கூப்பிட்டது. வாயைக் காட்டியது பல்லைக் காட்டியது. எழுந்து ஓடியது தண்ணீர்க் குழாயைத் தேடி. பல் விடுபட்டு நான் திரும்பி வந்தபோது அவள் கையெழுத்தே போட்டு முடித்திருந்தாள். மற்றபடி மேலே எழுதியதெல்லாம் சத்தியம். வாசலில் ஹாரன் அடிக்கிறாள், வருகிறேன். முன் சீட்டு எனக்குத்தானாம். ஷோரூமிலிருந்து ஒரு கை மிட்டாய் அள்ளி வந்திருக்கிறாள். ஏறும்போது ஒன்று வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.