பேனா அக்கா கொண்டுபோன சான்று

ஒரகடம் சாலையில் ஓடுகிற அத்தனை கம்பெனி பஸ்களையும் நிறுத்தி, இறங்குகிற ஒவ்வொருவரையும் விசாரித்தாலும் பேனா அக்காவைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார். படிக்கப் போன இடத்தில் வாத்தியாருக்கே பரீட்சை வைத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி அது. அக்காவும் நானும் அங்கே ஹவுஸ்கீப்பிங். தரை துடைப்பது எங்கள் வேலை. மற்ற பெண்கள் கொண்டையில் பூ வைப்பார்கள். அக்கா பேனா வைத்திருப்பார். ஐம்பதை நெருங்கும் வயதில், வேலைக்குப் போகிற பெரியவர்களுக்காகத் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த ஞாயிற்றுக்கிழமை பி.ஏ. வகுப்பில் சேர்ந்திருந்தார். அதிலும் தொழிலாளர்களைப் பற்றிய பாடம் என்றால் அவருக்கு உயிர்.

காலை ஷிப்டு பஸ்ஸில் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். அக்கா வாயைத் திறந்து படிப்பார். எட்டு மணி நேர வேலைக்காக எந்தெந்த ஊரில் யார் யார் போராடினார்கள் என்று ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்தால் கம்பெனி கேட் வரைக்கும் ஓடும். மூன்றே மாதத்தில் டிரைவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் சூப்பர்வைசர் இன்னொரு டிரிப் போகச் சொன்னபோது அவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"எட்டு மணி நேரத்துக்காக எத்தினி பேர் உயிர வுட்டுக்கீறாங்கோ தெரியுமா சார்?"

"யார்யா உனக்கு இதெல்லாம் சொல்றது?"

"டெய்லி கிளாஸ் நடக்குது சார். நீங்க பைக்ல வர்றதால மிஸ் பண்றீங்கோ."

சூப்பர்வைசர் அக்காவைத் தேடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். "நல்ல நேரத்துல வந்தீங்கோ சார். ஒரு டவுட். பாத்ரூம் போற நேரம் உங்க கணக்குல வேலையா, ரெஸ்டா?" அதற்குப் பிறகு சூப்பர்வைசர் பாத்ரூமுக்குக்கூட கேன்டீன் வழியாகச் சுற்றித்தான் போனார்.

இப்படிப்பட்ட அக்கா ஒருநாள் மதியம் மாப் வைக்கும் அறைக்கு அழாத குறையாக வந்தார். கையில் பாடப்புத்தகம்.

"இன்னா எழுதிக்கீறான் பாரு தம்பி. திறன் தேவைப்படாத வேலைன்னு ஒரு லிஸ்ட்டு. அதுல மொதல்ல கீறது தரை தொடைக்கிறவங்கோ!"

"போவட்டும் வுடுக்கா. பொஸ்தகம்தானே."

"எப்டிரா வுடறது?"

விடவில்லை. தரை துடைக்கும் திறன் என்று நாற்பது பக்கம் கட்டுரை எழுதிக் கொடுத்தார். பேராசிரியர் அதில் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'சான்று இல்லை. அடுத்த ஞாயிறுக்குள் சான்றோடு தராவிட்டால் தேர்ச்சி இல்லை.' அக்கா முடிக்க வேண்டிய கடைசித் தாள் அது. தவறினால் இன்னும் ஒரு வருடம்.

"இன்னொரு வருஷம் நின்னு வேல செஞ்சி, குந்திகினு படிக்க எனக்குத் தெம்பு இல்ல தம்பி. நீ வர்ற."

"நானா? நான் அஞ்சாவதுக்கா!"

"உன்னப் படிக்கவா கூப்புட்டேன்? தொடைக்கக் கூப்புட்றேன்."

ஷேர் ஆட்டோவில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை அதே ஷேர் ஆட்டோவில் மடியில் இரண்டு பக்கெட், ஒரு பை மரத்தூள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாப் சகிதம் கல்லூரிக்குப் போனேன்.

வகுப்பில் செக்யூரிட்டி, நர்ஸ், டெய்லர் என்று முப்பது பேர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பேராசிரியர் வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான இளைஞர், மரியாதையானவர். அக்கா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மெஷின் ஆயிலைத் தரையில் ஊற்றினார்.

"திறன் வேணாம்னு எழுதிக்கீது இல்ல சார். நீங்களே தொடைங்கோ."

பாவம், அந்த மனிதர் சிரித்துக்கொண்டே மாப்பை வாங்கினார். தட்டு அளவு இருந்த எண்ணெயைப் பாய் அளவு ஆக்கினார். அதற்குமேல் தண்ணீரை ஊற்றி, பாயைப் பந்தி ஜமுக்காளம் ஆக்கினார். வாசல் பக்கமிருந்து துடைத்துக்கொண்டே போய், கரும்பலகைக்குக் கீழே மூலையில் முடித்தார். திரும்பிப் பார்த்தால் எதிரே முழுக்க வழுக்கல். ஒரு காலை வைத்துப் பார்த்தார். அது தனியாகப் போகப் பார்த்தது. பிடித்து இழுத்துக்கொண்டார்.

"சார், வூட்டுக்கு எப்டிப் போவீங்கோ?" என்று செக்யூரிட்டி கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். ஆனால் எண்ணெயைப் பார்த்ததும் கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. ஓரத்தில் மரத்தூளை வளையமாகத் தூவினேன். அது எண்ணெயைக் குடிக்கும்வரை காத்திருந்தேன். ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூட்டி அள்ளினேன். ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர், ஒரு பக்கெட் நல்ல தண்ணீர். மூலையிலிருந்து பின்னாலேயே நகர்ந்து வாசலில் வந்து முடித்தேன். இதில் அதிசயம் என்னவென்றால், வேலை செய்துகொண்டே நான் பேசியிருக்கிறேன்.

"வெளிய இருந்து உள்ள கொண்டாரணும் சார். உள்ள இருந்து தள்ளினா ரூம் பூரா போயிடும். கம்பெனில மெஷின் லைன்ல ஆளுங்க ஓடிகினு இருப்பாங்கோ. ஒருத்தர் வழுக்கினா கை மெஷின்லதான் போவும்."

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் மூலையிலிருந்தே கேட்டார்: "இதைக் கத்துக்க எவ்வளவு நாள் ஆச்சுங்க?"

"தெரியல சார். மொதல் ரெண்டு வருஷம் வுழுந்துகினே இருந்தேன்."

இதற்குத்தான் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காய்ந்த தரையில் நடந்து வந்து, அக்காவின் கட்டுரையை வாங்கி, 'சான்று இல்லை' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா பி.ஏ. ஆகிவிட்டார். பைண்டு போட்ட கட்டுரையை எனக்குக் காட்டினார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். கடைசிப் பக்கம் வரை வர நாலு நாள் ஆனது. அங்கே ஆதாரம் என்று போட்டு, பெரிய பெரிய புத்தகம் எழுதியவர்களின் பெயர்கள். அவற்றுக்கு நடுவில் என் பெயர். தரை துடைப்பவர், பத்தொன்பது வருட அனுபவம்.

இப்போது எம்.ஏ. சேர்ந்திருக்கிறார். நேற்று போன் வந்தது. "தம்பி, இந்த வாட்டி கண்ணாடி தொடைக்கிறது. ஞாயித்துக்கெழம வேற வேல எதுனா கீதா?"

இல்லை என்றேன். சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.