சூடம் காட்டிய பெட்டிக்குள் என் இருபத்திரண்டு பக்கங்கள்

கடலூர்,
7.8.2009, வெள்ளி, மதியம்.

பாசமுள்ள சபாபதி மாமாவுக்கு,

அக்கா மகள் சத்யப்பிரியா பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அத்தையின் முழங்கால் வலி, உங்கள் எலக்ட்ரிக் கடை வியாபாரம், இரண்டில் ஒன்று கூடி மற்றது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எது கூட வேண்டும் என்று சாமிக்குத் தெரியும்.

மாமா, எட்டாவதோடு நின்றவளைப் பிரைவேட்டாகப் பத்தாவது எழுத வைத்து, சிதம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சரக்குக் கிடங்கு மேலாண்மை டிப்ளமோவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் நீங்கள். அதனால் இந்த ஆபத்திலும் உங்களைத்தான் பிடிக்கிறேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் மீசை வைத்தவர்கள். முதல் நாள் சார் பெயர் கேட்டபோது குரல் வராமல் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் அதை லீவு லெட்டர் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பேச்சு வராவிட்டாலும் எழுத வரும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "உங்களுக்குத் தெரிந்த ஒரு கிடங்கில் சரக்கு வந்து போகும் முறையை எழுதி, குறைகளையும் காட்டுக" என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த கிடங்கு நான் பெட்டி கட்டும் சோப்பு குடோன் ஒன்றுதான். இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். முறைக்கு நான்கு பக்கம், குறைக்குப் பதினெட்டு பக்கம். அந்த நோட்டு நாளை மறுநாள் காலை பத்து மணிக்குச் சார் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, இந்த வருஷமே போய்விடும். முதல் வருஷம் தேறினால் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் மேசையில் உட்கார வைக்கிறேன் என்று முதலாளி சபாநாயகம் சொன்னதும் போய்விடும்.

அந்த நோட்டு இப்போது உங்கள் ஊருக்கு வேனில் வந்துகொண்டிருக்கிறது மாமா.

வெள்ளிக்கிழமை தோறும் காலையில் முதல் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, என்னோடு வேலை செய்யும் மலர்க்கொடி அக்கா சூடம் காட்டிய பிறகுதான் எங்கள் குடோனில் வண்டி ஏற்றுவார்கள். என் நோட்டுக்கும் ஒரு சூடம் விழட்டுமே என்று ஆசைப்பட்டேன். எல்லார் முன்னாலும் எடுத்து வைக்க வெட்கமாக இருந்ததால், பெட்டியின் வாய் திறந்திருந்தபோது சோப்புகளின் மேல் மெல்லச் செருகிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கொஞ்சம் அதிகமாகக் கும்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது. கண்ணைத் திறந்தால் வேன் ஓட்டும் தேவசகாயம் அண்ணன் பெட்டிக்கு டேப் ஒட்டித் தோளில் தூக்கிவிட்டார். "அண்ணே" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. மலர்க்கொடி அக்காதான், "இன்னாடி, சாமி வந்துடுச்சா? வாயத் தொறந்து தொறந்து மூடுற?" என்று கேட்டு என் நெற்றியில் விபூதி பூசினார். அதற்குள் பெட்டி வண்டியின் உள்கோடிக்குப் போய்விட்டது. முதலில் ஏற்றும் பெட்டி கடைசியில்தான் இறங்கும். மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கும் எங்கள் வேனுக்குக் கடைசிக் கடை, உங்கள் மங்கலம்பேட்டை ராஜமாணிக்கம் ஸ்டோர்.

வேறு எந்தக் கடையாக இருந்தாலும் எனக்கு இத்தனை நடுக்கம் இல்லை. அவரைப் பற்றி ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முதலாளியைப் பற்றி எல்லாப் பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். தேவசகாயம் அண்ணனிடம் சொன்னால் டீ வருவதற்குள் முதலாளிக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குப் போன் பண்ணலாம் என்றால், குடோன் போன் முதலாளி மேசையில், வீட்டு செல் அம்மா இடுப்பில். ஆகவே கூரியர். நாளைக் காலை கிடைத்துவிடும். ராஜமாணிக்கம் வெள்ளிக்கிழமை வந்த சரக்கைச் சனிக்கிழமை சாயங்காலம்தான் பிரிப்பார். அதற்கு முன் நீங்கள் கடைக்குப் போய், உள்ளே இருப்பது அக்கா மகள் ஜாதகம், வெளியார் கண் பட்டால் தோஷம் என்று ஏதாவது சொல்லி, நோட்டை வாங்கி ஞாயிறு காலை சிதம்பரத்துக்குக் கொண்டுவர வேண்டும். உங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று தெரியும். அத்தையையும் கூட்டிப் போங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். கடையில் ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சத்யப்பிரியா.

பின்குறிப்பு: மணி ஆறு. மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம் மாமா. ராஜமாணிக்கம் இன்றைக்கே பெட்டியைப் பிரித்துவிட்டார். முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். உள்ளே இருந்து ராஜமாணிக்கம் குரலில் என் எழுத்து கேட்டது.

"ஏழாம் பக்கம் கேளுங்க மொதலாளி. 'மங்கலம்பேட்டைக் கடைக்காரர் எதிர்த்துக் கேட்க மாட்டார் என்பதால் பழைய சோப்பு அவருக்கே அனுப்பப்படுகிறது.' கேக்க மாட்டனா? இதோ கேக்கறேன்! ரெண்டு வருசமா ஏன் எனக்கு மட்டும் சோப்பு வெடிச்சி வருது?"

"எழுதுனது யாரு?" என்றார் முதலாளி. பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கையைத் தூக்கினேன். "நம்ம பொட்டி கட்டுற பொண்ணு" என்று போனிடம் சொன்னார் முதலாளி.

"அந்தப் பொண்ண வேலைய வுட்டு எடுத்தீங்க, நான் வேற ஏஜென்சி பாத்துக்குவேன். இனிமே என் சரக்க அதுதான் பாத்து அனுப்பணும்" என்றது போன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் பத்து மணிக்கு வரேன்னு எழுதியிருக்கியாமே. என்னிக்கும்மா பத்து மணிக்கு வந்திருக்கேன்? பத்தரைன்னு திருத்து. படிக்கிற எடத்துல தப்புத் தப்பா எழுதி வெக்காத" என்றார். திங்கட்கிழமையிலிருந்து டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர் என்னிடமாம். சம்பளம் பற்றி மட்டும் அவருக்கும் குரல் வரவில்லை.

ராஜமாணிக்கம் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் தருவாராம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நடராஜர் தரிசனத்துக்கு வருகிறாராம், ஒன்பதரை மணிக்கு வகுப்பு வாசலில் கொடுக்கிறேன் என்றார். "நான் உன்ன எப்டிம்மா கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வராததால் முதலாளியே, "பேசாம நிக்கற பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை மாமா. நீங்கள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டாம். நானே போய், "அண்ணே, என் நோட்டு" என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.