இரண்டு நாடுகளும் என் வலது விரலும்

பொறாமைக்குக் கண் இல்லை என்பார்கள். கடிகாரம் பார்க்கவும் தெரியாது என்பதை என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உமா என் சித்தி மகள். என்னைவிட இரண்டே மாதம் சின்னவள். நான் காரைக்குடியிலேயே கல்லூரியில் சேர்ந்தேன், அவள் ஜெர்மனிக்குப் படிக்கப் போனாள். போனவள் படிப்பைப் பார்க்காமல், இங்கே இப்படி, அங்கே அப்படி என்று வாரம் ஒரு வீடியோ போட ஆரம்பித்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் தேர்தலாம். ஒலிபெருக்கி அலறாதாம். வேட்பாளரே சந்தையில் தனியாக நின்று ஆளுக்கொரு பேனா கொடுப்பாராம். (நம் ஊரில் வேட்பாளர் தனியாக நின்றால் கட்சியை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.) பஸ் ஏழு நாற்பத்திரண்டு என்றால் ஏழு நாற்பத்திரண்டுக்கே வருமாம். எல்லாவற்றுக்கும் லைக் குவியும். எனக்கு வயிறு எரியும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. கல்லூரி வாக்காளர் விழிப்புணர்வு மன்றத்தின் செயலாளர். சிங்கம்புணரி சந்தை வரை போய், வாக்களிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தவள். அந்தப் படத்துக்கு நான்கு லைக் விழுந்தது. அதில் ஒன்று அம்மா, ஒன்று நான்.

சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் உமா விடுமுறைக்கு வந்தாள். வாக்குப்பதிவுக்கு மறுநாள் எங்கள் மன்றத்தில் இரண்டு நாட்டு அரசியலைப் பற்றி அவள் பேச வேண்டும், நான் தலைமை தாங்க வேண்டும் என்று பேராசிரியர் ஏற்பாடு செய்துவிட்டார். மேடையிலேயே அவளை மடக்குவது என்று முடிவெடுத்தேன். வாக்குப்பதிவு நாள் காலையிலிருந்து அவளுடைய வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்துக் குற்றம் கண்டுபிடித்து எழுதினேன்.

அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "கூட்டமே இல்லடி, ஒரு எட்டு போயிட்டு வந்துரு" என்றாள்.

"போறேம்மா" என்றேன். மதியமும் அதையே சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தபோது மணி ஆறு அடிக்கப் போகிறது. ஓடினேன். பள்ளிக்கூட வாசலை மூடியாகிவிட்டது.

"காலையிலேருந்து எங்குட்டு போயிருந்தீக?" என்று கேட்டார் காவலுக்கு நின்றவர்.

ஜெர்மனிக்கு என்று சொல்ல முடியுமா? செயலாளரே ஓட்டுப் போடவில்லை என்று தெரிந்தால் பதவியும் போகும், மானமும் போகும். வீட்டுக்கு வந்து, அழியாத மார்க்கரை எடுத்து ஆள்காட்டி விரலில் கோடு போட்டுக்கொண்டேன். அச்சு அசல் தேர்தல் மை. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. உமா பேசினாள். நான் மறுப்புக் காகிதத்தோடு காத்திருந்தேன். கடைசியில் அவள் சொன்னாள்: "அங்க எனக்கு ஓட்டு இல்ல. எல்லாரும் குடும்பத்தோட ஓட்டுப் போடப் போவாக, நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். அப்பல்லாம் எங்க அக்காவை நினைச்சாப் பொறாமையா இருக்கும். நேத்து நானும் போட்டுட்டேன். போட்டவுக எல்லாம் விரலைக் காட்டுங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன்."

அவளுக்கு என்மேல் பொறாமையா! அந்தப் பூரிப்பில் எல்லோருக்கும் முன்னால் என் விரலை உயர்த்தினேன். அரங்கமே கை தூக்கியது. அத்தனையும் இடது கை. மேடையில் மட்டும் ஒரு வலது கை.

(நான் இடதுகைப் பழக்கக்காரி. மார்க்கரை இடது கையில் பிடித்தால் கோடு எந்தக் கையில் விழும்? ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தவளுக்கு இது உறைக்கவில்லை.)

"அக்கா, அந்தக் கை இல்லக்கா" என்றாள் உமா மெதுவாக. ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசை வரை கொண்டுபோனது.

"அவசரத்துல மாத்தி வச்சுட்டாக" என்றேன். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் தன் இடது விரலைப் பார்த்தார், என் வலது விரலைப் பார்த்தார். மறுவாரமே மன்றத்துக்கு வேறு செயலாளர் வந்தார்.

நான் தோற்றதுகூடப் பெரிதில்லை. அவள் எதற்காக ஏங்கினாளோ, அதை அவளைப் பார்த்து ஏங்கியே தொலைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எந்தத் தேர்தல் வந்தாலும் வரிசையில் முதல் ஆள் நான்தான். வாசலைத் தாண்டுவதற்குள் உமா ஜெர்மனியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டுவிடுவாள்.

"அக்கா, கையைக் காட்டு."

காட்டுகிறேன். போனை இடது கையில் பிடித்திருப்பதால், பாழாய்ப்போன வலது கைதான் இன்னமும் முதலில் எழுகிறது.