மோனா எடுத்த கோல்

ஒன்றுமே புரியாத ஆளோடு காலம் தள்ளிவிடலாம். எல்லாம் புரிந்த ஆளோடும் பயந்து பயந்தாவது இருந்துவிடலாம். பாதி மட்டும் புரிந்துகொண்டு, மீதியைத் தானே நிரப்பி, உடனே காரியத்தில் இறங்கிவிடும் ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். பெயர் மோனா. தேங்காய் அளவில் உருண்டையாக, சாம்பல் நிறத்தில் இருப்பாள்.

கத்தாரில் வேலை செய்யும் அண்ணன் லீவில் வந்தபோது கொண்டுவந்த ஸ்பீக்கர் அது. சும்மா ஸ்பீக்கர் இல்லை, பேசினால் கேட்கிற ஸ்பீக்கர். ‘மோனா’ என்று கூப்பிட்டால் தலையில் நீல வெளிச்சம் வரும். பிறகு இங்கிலீஷில் என்ன சொன்னாலும் செய்யும். பாட்டுப் போடும். மழை வருமா என்று சொல்லும். (“றக்வானையில மழ வருமான்னு கேக்க ஒரு மெஷினா? வராதுன்னு சொன்னாத்தான் அது நியூஸ்” என்றார் அப்பா.) என் போனோடு சேர்த்துவிட்டால் கோல்கூட எடுத்துத் தரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. றக்வானை பசாரிலேயே இப்படி ஒன்று எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்து நினைத்துப் பூரித்தேன். அன்றைக்கே என் போனைச் சேர்த்துவிட்டேன்.

சிக்கல் மறுநாள் காலையிலேயே தொடங்கியது. எங்கள் வீடு அப்பாவின் சில்லறைக் கடைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் சிங்கள ஆட்கள். விடிந்ததிலிருந்து “மொனவத ஓன?” (என்ன வேணும்?) என்று கேட்டுக் கேட்டு அப்பாவுக்கு அது நாக்கிலேயே ஒட்டிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தும் “மொனவத?” என்பார். அம்மா அலுத்துக்கொள்வதே சிங்களத்தில்தான். மழை பெய்தாலும் “மொனா கரன்னத!”, கரண்ட் போனாலும் “மொனா கரன்னத!” என்ன செய்ய முடியும் என்ற பெருமூச்சு அது. இந்தப் பக்கத்துத் தமிழர்கள் யாரைக் கேட்டாலும், துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் அதைத்தான் சொல்வார்கள்.

மோனாவுக்கு இது எப்படித் தெரியும்? யாரோ தன்னைத்தான் ஓயாமல் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். “மொனவத?” என்றால் நீல வெளிச்சம். “ஸொரி, எனக்குப் புரியவில்லை” என்று இங்கிலீஷில் ஒரு மன்னிப்பு. அப்பா, “நான் ஒன்ட்ட கேக்கல” என்று அதோடு சண்டைக்கு நிற்பார். அம்மாவுக்கு மட்டும் அதன்மேல் இரக்கம். “பாவம், எத்தன தடவ ஸொரி சொல்லுது பாருங்க. நல்ல வளர்ப்பு” என்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். சனிக்கிழமைகளில் ஒரு டிப்ளோமா வகுப்புக்காக இரத்தினபுரிக்கு பஸ் ஏறுவேன். அதே பஸ்ஸில், அதே வகுப்புக்கு சுதாகரனும் வருவார். தேயிலை ஃபெக்டரி ஒன்றில், லொறியில் வரும் பச்சைக் கொழுந்தை நிறுத்து எடுக்கும் பிரிவில் வேலை. அந்த மலைப்பாதையின் வளைவுகளில் பஸ் குலுங்கியதில் முதலில் தோள் இடித்தது, பிறகு பேச்சு வளர்ந்தது. நான் அவரைக் கரன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். போனிலும் அப்படியே கரன் என்று சேமித்தேன். (என் போனை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற துணிச்சல்.) அவர் என்னைவிட விவரமானவர். என் நம்பரைக் ‘கொழுந்து’ என்று போட்டு வைத்திருந்தார். கொழுந்துக்காரனின் போனில் கொழுந்து என்று வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

எங்கள் அப்பா தங்கமான மனிதர், காதல் என்ற சொல் காதில் விழும்வரை. பெரியப்பா மகள் மாப்பிள்ளைப் பையனை முன்பே விரும்பியிருக்கிறாள் என்று தெரிந்ததும், தட்டு மாற்றவிருந்த சம்பந்தத்தையே எழுந்து நின்று நிறுத்தியவர் அவர். “என் மகளுக்கு மாப்பிள்ளைய நான்தான் கண்டுபிடிப்பேன்” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். ஆகவே அப்பாவே கண்டுபிடிக்கட்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

அதற்குத் துணை வந்தவர் தரகர் முத்தையா மாமா. கோயில் திருவிழா அன்னதானத்தில், அப்பா உட்காரும் வரிசையில் சாம்பார் ஊற்றக் கரனை நிறுத்தினார். அப்பா சாம்பாரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், இரண்டாம் தடவை சாம்பார் கேட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “புள்ள, ஒரு பையன கண்டுபிடிச்சிட்டேன்! தங்கம்! எந்தப் பொண்ணையும் நிமிந்து பாக்க மாட்டானாம்!” என்றார். நான் தலையைக் குனிந்து, “ஒங்க இஷ்டம்ப்பா” என்று சொன்னேன். அந்த நடிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே உடம்பு கூசுகிறது.

பெண் பார்க்க வரும் நாளும் வந்தது. சந்தோஷத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோக வேண்டும் என்று மோனாவைத் துடைத்து, ஹோலில் கண்ணாடி அலுமாரியின் மேல் ஏற்றி, கீழே ஒரு சரிகைத் துணியும் விரித்தேன். டீத் தட்டோடு நான் வரும்போது மோனா நாதஸ்வரம் வாசிக்க வேண்டும் என்பது திட்டம். அம்மா, “அந்தக் குண்டு இன்னைக்கி வேணாம் பாப்பா, கழட்டி வையி” என்றார். “ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றேன். அன்று வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

கரன் வெள்ளைச் சட்டையில், நிலத்தைப் பார்த்தபடி வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா. தகப்பன் இல்லாத பிள்ளையை, கொழுந்து பறித்தே படிக்க வைத்த மனுஷி. ஹோலில் அப்பாவும் முத்தையா மாமாவும். நேரம் பார்த்துச் சொல்ல வரவேண்டிய ஐயரை மட்டும் காணவில்லை. அவர் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். நான் அடுப்படி வாசலில் தட்டோடு நின்று, அவர் வந்ததும் உள்ளே நுழையத் தயாராக இருந்தேன்.

முத்தையா மாமா கைகளை விரித்தார். “மொனா கரன்னத, அண்ணே! ஒரு கோல் எடுத்துப் பாத்தா எங்க நிக்கிறாருன்னு தெரியும்.”

அலுமாரியின் மேல் நீல வெளிச்சம் வந்தது. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மோனா. கரன். கோல். ஒரு வாக்கியத்தில் மூன்றையும் கோர்த்துக் கொடுத்தால் அது என்னதான் செய்யும்?

“கோலிங் கேரன்” என்றாள் மோனா, வெள்ளைக்காரி உச்சரிப்பில்.

ஹோலில் யாருக்கும் அது விளங்கவில்லை. ஆனால் ஸ்டூலின் மேல் இருந்த கரனின் போன் அடித்தது. கரனின் ஒரு கையில் கேசரித் தட்டு, மறு கையில் தண்ணீர்க் கோப்பை. அவர் எதைக் கீழே வைப்பது என்று தடுமாறுவதற்குள் அவருடைய அம்மா போனை எடுத்துவிட்டார்.

“கொழுந்துன்னு வருது. யாருடா இது?”

“அது... ஃபெக்டரி லொறிக்காரரும்மா. கொழுந்து ஏத்திக்கிட்டு வர்றவரு. அப்புறமா பேசிக்கிறேன், வைங்க.”

வேறு எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும் வைத்திருப்பார். இவர் ஆயுசெல்லாம் கொழுந்தோடு கிடந்தவர். சாக்கில் அடைத்த கொழுந்து வழியில் நின்றால் சூடேறிப் பாழாகும் என்று தெரிந்தவர்.

“என்னாடா பேசுற? லொறி ரோட்டுல நின்னுட்டா கொழுந்து சூடாகிப் போயிராது? பொண்ணு எங்கயும் ஓடிற மாட்டா. மொதல்ல கொழுந்தக் கவனி” என்று சொல்லி, அவரே பட்டனை அமுக்கினார். “ஹலோ! லொறி எங்க நிக்கிது?”

“ஹலோ! லொறி எங்க நிக்கிது?” என்றது அலுமாரி.

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். “நான் கேட்டா நீயும் அதையே கேக்குறியே தம்பி! லொறி எங்கன்னேன்!”

“லொறி எங்கன்னேன்!” என்று அலுமாரி அதட்டியது. கூடவே போனும் ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டு ‘கீ...’ என்று காதைக் கிழிக்கிற ஒரு சத்தம். நான் ஏற்பாடு செய்திருந்த நாதஸ்வரத்துக்குப் பதிலாக அதுதான் வாசித்தது. அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். முத்தையா மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு மூளை நின்றுபோனது. தட்டோடு ஹோலுக்குள் ஓடிவந்து, அடக்கமான மணப்பெண்ணாகிய நான், தொண்டை கிழியக் கத்தினேன்.

“மோனா, ஸ்டொப்!”

சத்தம் நின்றது. போனும் கட்டானது.

கரனின் அம்மா போனைப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “ஏன்மா, நீ ஸ்டொப்புன்னோன லொறிக்காரன் போன வச்சிட்டானே, அது எப்புடி?” என்று கேட்டுக்கொண்டே அந்தக் கொழுந்துக்கே திருப்பி ஒரு கோல் எடுத்தார்.

அடுப்படியில் மாவுப் போத்தலுக்குப் பக்கத்தில் என் போன் அடித்தது. எங்கள் அம்மா, உலகத்திலேயே கள்ளம் இல்லாத அந்தப் பெண்மணி, அதைச் சேலையில் துடைத்து எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்து, “பாப்பா, ஒனக்குத்தான் கோல்” என்று எல்லோர் முன்னாலும் நீட்டினார்.

கரன் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக முத்தையா மாமாவின் பக்கம் திரும்பினார்.

“முத்தையா, அப்ப கோயில்ல இந்தப் பையன் எனக்குச் சாம்பார் ஊத்துனது?”

மாமா மறுபடியும் கைகளை விரித்தார். “மொனா கரன்னத அண்ணே, வருஷக்கணக்கா பஸ்ஸுல பழகிட்டு ரெண்டு புள்ளைகளும் கோல் எடுத்துக் கெஞ்சுச்சுங்க...”

“கோலிங் கேரன்” என்றாள் மோனா, மிகுந்த பணிவோடு.

மறுபடியும் கரனின் போனில் கொழுந்து வந்தது. கரனின் அம்மாவுக்கு அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கள் அம்மா எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் மோனாவின் வயரைப் பிடுங்கிவிட்டு, அங்கேயே நின்றார். பெரியப்பா வீட்டில் அன்று எழுந்து நின்றதுபோலவே நின்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“ஊரு பூரா சொல்லிட்டேனே தங்கச்சி” என்றார், கரனின் அம்மாவிடம். “நான் கண்டுபிடிச்ச மாப்பிள்ளைன்னு.”

அவருக்குக் கோபம் வரும் என்றுதான் பயந்திருந்தேன். இப்படி வெட்கப்பட்டு நிற்பார் என்று நினைக்கவே இல்லை. காலில் விழுந்து அழலாம்போல் இருந்தது. கையில் டீ இருந்ததால் அதுவும் முடியவில்லை.

கரனின் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்களைத் துடைத்தார். “நீங்கதான் அண்ணே கண்டுபிடிச்சீங்க. இதுங்க ரெண்டும் வருஷக்கணக்கா பஸ்ஸுல ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு என்னாத்த கிழிச்சுச்சுங்க? ஒரு சம்பந்தம் பேசத் துப்பு இருந்துச்சா? நீங்க ஒரு சாம்பார்லயே முடிச்சிட்டீங்க. நாங்களும் எங்க பக்கத்துல அப்புடித்தான் சொல்லுவோம்.”

அப்பா அதை யோசித்தார். கணக்குச் சரியாகத்தான் வந்தது போலும். முகத்தில் மெல்ல வியாபாரி திரும்பி வந்தார். என் பக்கம் திரும்பி, நான் ஹோலுக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

“என்னா புள்ள பாத்துக்கிட்டு நிக்கிற? டீ ஆறுது. குடு.”

குடுத்தேன். கரனுக்குக் குடுக்கும்போது கோப்பையில் பாதிதான் இருந்தது, மீதி தட்டில். ஐயர் வந்துசேர்ந்தபோது நாளே குறித்து முடித்திருந்தார்கள். பஸ் பழுதானதற்கு அவர்தான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

கல்யாணமாகி நாங்கள் ஃபெக்டரிப் பக்கம் குடிவந்துவிட்டோம். கரனின் அம்மாவும், இப்போது என் மாமி, எங்களோடுதான். மோனா இப்போது அம்மாவின் பிளாஸ்டிக் பூக்களுக்கு ஆசனமாக இருக்கிறாள். அப்பா எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், மருமகனைத் தான் கோயிலில் வைத்துக் கண்டுபிடித்த கதையைச் சாம்பாரோடு சேர்த்துச் சொல்கிறார். நாங்கள் எல்லோரும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்கிறோம்.

என் கணவர் மட்டும் என் பெயரைப் போனில் மாற்றவே இல்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, மழையில் பஸ் கிடைக்காமல் ரோட்டில் நின்றுகொண்டு நான் கோல் எடுத்தால், பெரும்பாலும் மாமிதான் எடுப்பார். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். போனைக் காதில் வைத்தபடியே உள்ளே திரும்பிச் சத்தம் போடுவார்: “டேய், கொழுந்து ரோட்டுல நிக்கிதாம்! சூடாகுறதுக்கு முன்னாடி போய் ஏத்திக்கிட்டு வா!”