போட்டோவில் இருந்தவர் பேசிவிட்டார்

திருப்பூர்,
12-8-2006.

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு விஜயராணி பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா சுகம். நீங்களும் சித்தியும் சென்னையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மட்டும் சுகமில்லை. காரணம், நீங்கள் அனுப்பி வைத்த நடிகர் ஜெயபாண்டி ஐயா.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நான் ஆபீஸில் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க ஆடிட் வைப்பார்கள். தொழிலாளர் பிரதிநிதி என்று ஒருவர் பதில் சொல்ல வேண்டும். எங்களிடம் அப்படி யாரும் இல்லை. "உங்க சித்தப்பா சினிமாவுல மேக்கப் போடறாருன்னு சொன்னியே கண்ணு, தெளிவாப் பேசற பெரியவரா ஒருத்தரைப் பிரதிநிதியா நடிக்க வரச் சொல்லு" என்றார் முதலாளி மருதாசலம். எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. நீங்களும் அனுப்பிவிட்டீர்கள்.

வந்தவரைப் பார்த்ததும் மடிப்பு டேபிளில் இருந்த முத்தாயி அக்கா, "ஏனுங்க, படத்துல செவுத்துல மாலை போட்டு மாட்டியிருப்பாங்களே, அந்த அப்பா போட்டோ நீங்கதானுங்களே?" என்று கேட்டுவிட்டார். ஐயா கோபிக்கவில்லை. "சரியாச் சொன்ன தாயி. சினிமா என்னயப் போட்டோச் சட்டத்துக்குள்ள உக்கார வச்சிருச்சு. கதாநாயகன் எம் முன்னால அழுவான், நான் சிரிச்சுக்கிட்டே இருக்கணும். நாடகத்துல அது நடக்குமா? விடிய விடிய நின்னு பேசணும். பொய்யாப் பேசுனா முன்வரிசைக்காரன் எந்திரிச்சே கேட்டுருவான்" என்றார்.

நான் எழுதிக் கொடுத்த பதில்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தவர், "இந்த ஆளுக்கு எத்தனை பிள்ளைங்க? எந்தக் கால் வலிக்கும்?" என்று கேட்டார். அதையெல்லாம் நான் எழுதவில்லை. "வேஷத்துக்குள்ள ஆள் வேணும் தாயி" என்று அவராகவே போய் முத்தாயி அக்கா பக்கத்தில் பனியன் மடிக்க நின்றுவிட்டார். ஆடிட் வரும்வரை அங்கேயே சாப்பாடு, அங்கேயே இருமல். முதலாளிக்கு ஒரே பெருமை. "நடிகன்னா இவரல்லோ நடிகன்!" அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும்.

ஆடிட்டுக்கு வந்த பெங்களூர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி. "வேலை எத்தனை மணிக்கு முடியும்?" என்று அந்த அம்மா கேட்டார். ஆறு மணி என்பது பாடம். ஐயா முழங்காலைத் தடவினார். "ஆறு மணிக்குப் பெல் அடிக்கும்மா. அது உங்கள மாதிரி வர்றவங்களுக்கு. எங்களுக்குப் பத்தாகும். லாரி வந்து நின்னுட்டா விடிஞ்சிரும். முடியாதுன்னு சொன்னா, மறுநாள் டேபிள் இருக்கும், நாங்க இருக்க மாட்டோம்." முதலாளி கையால் கழுத்தை வெட்டி வெட்டிக் காட்டுகிறார், 'கட்' என்கிறாராம், ஐயா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, அந்த அம்மா பேனாவைத் திறந்து என்னைப் பார்க்கிறார். 'சிக்ஸ் ஓ கிளாக்' என்று சொன்னால் போதும் சித்தப்பா, என் வேலை தப்பிக்கும். அடுத்ததாகப் பதில் சொல்ல நின்ற முத்தாயி அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஐயா சொன்னதை அப்படியே, லாரி உட்பட, சொல்லிவிட்டேன்.

"படிச்ச புள்ளைன்னு உக்கார வெச்சேன். நாளையிலிருந்து வர வேண்டாங் கண்ணு" என்றார் முதலாளி. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஐயாவிடம் போய் அழுதேன். "சினிமான்னா இன்னொரு டேக் போயிருப்பேன் தாயி. இது மேடை. அந்த ஆள் உள்ள வந்துட்டான், பேசிட்டான். நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றவர், பஸ் ஏறும்போது, "ஏந்தாயி, கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா?" என்று வேறு கேட்டார்.

நம் குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் என்று அப்பா சாயப்பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி அவிநாசி கோயிலில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் உடனே வந்து அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சென்னையில் ஒரு வேலை பாருங்கள். நடிகர்கள் யாரையும் இனி எங்கள் ஊர்ப் பக்கம் அனுப்பாதீர்கள்.

சித்திக்கு என் வணக்கங்கள். உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
விஜயராணி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை நேரத்தைக் குறைத்தால்தான் ஆர்டர் தொடரும், மூன்று மாதம் கழித்து மறுபடி வருவோம், அதே பெண்ணும் அதே பெரியவரும் இருக்க வேண்டும் என்று ஆடிட்காரர்கள் எழுதிவிட்டார்களாம். "உங்க பொண்ணு இல்லாம கம்பெனி ஓடாதுங்க" என்று அப்பாவிடம் கூசாமல் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம். ஜெயபாண்டி ஐயாவை மட்டும் அடுத்த ஆடிட்டுக்கு மறக்காமல் அனுப்புங்கள். நேற்றிலிருந்து நிஜமாகவே ஆறு மணிக்கு விட்டுவிடுகிறார்களாம் என்று அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பழைய வசனத்தையே பேசிவிடப் போகிறார்.