டைலர் வீட்டு உண்ணி

அன்று காலை டைலர் ஒரு முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வருவது அவருக்குப் புதிதல்ல. அதை மனைவியிடம் சொல்வதுதான் புதிது.

மாமனார் கட்டிய வீட்டில் இருப்பது ஒரே மின்விசிறி. அதன் கீழே ஒரே கட்டில். ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மைத்துனன், மாசக்கணக்கில் அதில்தான் கிடக்கிறான். டைலர் தரையில் பாய் விரித்துப் புழுங்கிச் சாகிறார். பொறுத்தது போதும், கட்டில் கைக்கு வந்தாக வேண்டும்!

“இந்த வீட்டுல ஒரு உண்ணி ஒட்டிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்குது. இன்னிக்கே அதை வெளியே அனுப்பியாகணும்!”

“நானும் பார்த்தேங்க,” என்றாள் மனைவி. “மாட்டுக்குக் காதெல்லாம் உண்ணி. பூண்டு, வசம்பு, வேப்பிலை எல்லாம் அரைச்சு எண்ணெயில குழைச்சுத் தடவச் சொன்னார் மாட்டு டாக்டர். போய் அரைங்க.”

“நான் சொன்னது அந்த உண்ணி இல்லம்மா...”

“வேற எந்த உண்ணி?” கேட்டவள் கையில் குழவி இருந்தது.

“அதேதான்,” என்றார் டைலர்.

அரைத்தார். கண்ணிலும் மூக்கிலும் நீராகக் கொட்டியது. மாட்டுக்குத் தடவப் போனால், அது வாலால் முகத்திலேயே ஒன்று வைத்தது. சட்டை, வேட்டி, தலைமுடி எல்லாம் மருந்து. ஊரே மூக்கைப் பொத்தும் நாற்றம்.

அப்போதுதான் பொறி தட்டியது. மிச்ச மருந்தைச் சட்டியோடு கொண்டுபோய், தூங்குகிறவன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தையல் மிஷினில் உட்கார்ந்து காத்திருந்தார்.

மைத்துனன் துள்ளி எழுந்தான். “அக்கா!”

டைலர் மனசுக்குள் அவன் பெட்டியைக் கட்டி, அவனை பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார்.

“மூக்கு திறந்துடுச்சுக்கா! வந்த நாள்லேருந்து அடைச்சுக்கிட்டிருந்துச்சே! மாமா, உங்க கை ராசியான கை. முழுசா குணமாகாம நான் இங்கேருந்து நகர்றதா இல்ல!”

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள் மனைவி.

“சட்டிக்கு மூடி போட்டுடலாம். தம்பி வேணும்கிறப்போ திறந்து மோந்துக்குவான். உங்களுக்கு என்னத்தைப் போட்டு மூடறது? பாயை எடுங்க.”

“எங்கே?”

“கொட்டகைக்கு. மாட்டுக்கு இந்த நாத்தம் பழகியிருக்கும்.”

“இது என்ன அநியாயம்!” வாசலில் பாயும் கையுமாகக் கத்தினார் டைலர்.

“உண்ணியை வெளியே அனுப்பணும்னு நீங்கதானே சொன்னீங்க? எங்கப்பா வீட்டுல ரொம்ப வருஷமா ஒட்டிக்கிட்டிருக்கிறது எதுன்னு யோசிச்சேன். அனுப்பிட்டேன்,” என்று கதவைச் சாத்தினாள் மனைவி.